உன் குரல் போய்ச் சேர்ந்த வீடு

தம்பி, போன வாரம் உன் குரலை டீக்கடையில் கேட்டேன். பால் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் தன் போனை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார், நாலைந்து பேர் அதைச் சுற்றிக் குனிந்துகொண்டிருந்தார்கள். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குவைத்துக்குப் போன என் மகனின் குரல் நம் ஊர் டீக்கடையில் கேட்கிறதே என்று ஒரு நிமிஷம் பால் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம்தான் நீ என்ன பேசுகிறாய் என்பது காதில் ஏறியது. "கணேசன் பொண்ணு மலர்விழி ஓட்டுக் கேக்க நம்ம தெருவுக்குள்ள வரப்போறாளாம். வந்தவ முழுசாத் திரும்பிப் போயிட்டான்னா நாமல்லாம் ஆம்பளைங்கதானான்னு கேக்கறேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மறுபடியும் போடச் சொன்னான். யாரோ, "டேய், டீச்சர் நிக்கிறாங்கடா" என்றதும் போன் அடங்கியது. பெஞ்சில் உன் மாமா சூசை உட்கார்ந்திருந்தான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். என்னை அவன் பார்க்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மலர் நம் தெரு முனைக்கு வந்தாள். தண்ணீர் டேங்க் பக்கத்தில் நாலு பெண்களோடு நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ வந்த கல் நெற்றியில், புருவத்துக்கு மேலே பட்டது. நான் பால்வாடியைப் பூட்டிவிட்டு வரும்போது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் இருந்த நோட்டீஸ் எல்லாம் ரத்தம். என் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திப் பிடித்தேன். அவள் என்னிடம் படித்த பிள்ளை. நாலு வயதில் அவளுக்கு மூக்குச் சிந்திவிட்டதும் இந்தக் கைதான். ஆட்டோவில் ஏற்றும்போது, "டீச்சர், நீங்க வீட்டுக்குப் போங்க, உங்களுக்குப் பேச்சு வரும்" என்றாள். உன் குரலை அவளும் கேட்டிருக்கிறாள். அது யாருடைய குரல் என்று அவளுக்கும் தெரியும்.

உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது. "நான் என்னம்மா அடிக்கவா சொன்னேன்? எலெக்‌ஷன் டைம்ல நாலு வார்த்தை சூடாத்தான் பேசுவாங்க. உனக்கு அரசியல் தெரியாது." அதற்கு மேல் நான் வாயைத் திறந்தபோது டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. உன் அப்பா வேண்டாம் என்றார். "பிள்ளை தனியாக் கிடக்கான், மனசு கெட்டுப்போயிடும், விடு" என்றார். எனக்கு விட முடியவில்லை. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து, உன் பேச்சு வந்த அதே வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லப்போகிறேன். உன் பேச்சை ஊரே கேட்டது. உன் அம்மா பேச்சையும் ஊர் படிக்கட்டும். இதில் நான் எழுதப்போகும் கதை ஊருக்குத் தெரிந்ததுதான். உனக்கு மட்டும்தான் தெரியாது.

சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய், கணேசன் அங்கிள் வலது கை விரல்கள் ஏன் ஒட்டிப்போயிருக்கின்றன என்று. தீபாவளி வெடி என்று சொன்னேன். மாமா ஏன் மற்றவர்கள் மாதிரி வெளிநாடு போகவில்லை என்று கேட்டாய். மெடிக்கலில் அன்ஃபிட் ஆகிவிட்டது என்று சொன்னோம். இரண்டும் பொய். வளர்கிற பிள்ளையின் காதில் விஷம் ஏற வேண்டாம் என்று நினைத்தோம். மருந்தையும் சேர்த்து மறைத்துவிட்டோம் என்று இப்போது தெரிகிறது.

நீ என் வயிற்றில் இருந்த சமயம். பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டுக்கு, இதே ஊருக்கு, வந்திருந்தேன். அப்போதுதான் நம் பக்கத்துப் பையன்கள் பாஸ்போர்ட் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று மேட்டூரைப் பார்த்துக் கிடந்த காலம் போய், வீட்டுக்கு ஒருத்தன் ஏஜெண்டைத் தேடித் திருச்சிக்கும் சென்னைக்கும் அலைந்த காலம். சூசையும் கணேசனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஐடிஐயிலும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். இவன் வெல்டர், அவன் எலெக்ட்ரீஷியன். ஒரே ஏஜெண்ட், ஒரே கம்பெனி. இரண்டு பேருக்கும் மெடிக்கல் முடிந்து விசா வந்துவிட்டது. டிக்கெட்தான் பாக்கி. திருக்காட்டுப்பள்ளிக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கி வந்தார்கள். இரண்டு வீடும் வேறு வேறு கட்சி. உன் தாத்தா நம் கட்சியில் கிளைச் செயலாளர். கணேசனின் அப்பா, பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், அந்தக் கட்சியில் கிளைச் செயலாளர். ஆனால் அதற்காக யாரும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாமல் இருந்ததில்லை.

ஒரு நாள் விடிந்து பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் நம் கட்சிக் கொடிக்கம்பம் அடியோடு சாய்ந்து கிடந்தது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. நெல் லாரி பின்னால் வந்து இடித்திருக்கலாம் என்றார்கள். அந்தக் கட்சிக்காரர்கள்தான் அறுத்தார்கள் என்றார்கள். உன் தாத்தா போலீசில் எழுதிக் கொடுத்ததோடு விட்டிருந்தால் நாலு நாளில் புதுக் கம்பம் நட்டிருப்பார்கள். ஆனால் மாவட்டத்திலிருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டுக் கண்டனக் கூட்டம் போட்டார்கள். நல்ல பேச்சாளர். குரல் மணி மாதிரி இருக்கும். மைக் செட் நம் வீடு வரைக்கும் கேட்டது. நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டேன். கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கடைசியில் சொன்னார்: "நம்ம கொடியை வெட்டுன கை இன்னும் அவனவன் உடம்புல ஒட்டிக்கிட்டு இருக்குன்னா, நீங்கள்லாம் வீட்டுல சோறுதான் தின்கிறீங்களா?" கூட்டம் விசில் அடித்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் யாரையும் கொளுத்தச் சொல்லவில்லை. ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. பேசி முடித்து, சால்வையோடு கார் ஏறி, அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அவர் கார் போன பிறகு கூட்டம் கலையவில்லை. விளக்கு வைக்கிற நேரம். கூட்டத்துக்குப் பயந்து பஸ் நிறுத்தத்தில் எல்லாக் கடைகளும் சாத்திக் கிடந்தன. சைக்கிள் கடையும் சாத்தித்தான் இருந்தது. கீற்றுக் கொட்டகை, முன்னால் பலகைக் கதவு. உள்ளே ஆள் இல்லை என்று நினைத்தார்கள். கணேசன் உள்ளே இருந்தான். வெளிநாடு போவதற்குள் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, கதவைச் சாத்திக்கொண்டு, கடையில் கிடந்த பஞ்சர் வேலையை எல்லாம் முடித்துக்கொண்டிருந்தான். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டின், மண்ணெண்ணெய், பழைய டயர் எல்லாம் அவனைச் சுற்றி. யாரோ ஒருவன் எரிகிற துணியைச் சூசை கையில் கொடுத்தான். இவன் கீற்றின் மேல் எறிந்தான்.

சூசை வீட்டுக்கு வந்தபோது நான்தான் கதவு திறந்தேன். ஒரு பக்கப் புருவம் பொசுங்கியிருந்தது. மண்ணெண்ணெய் வாடை. உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னடா?" என்றேன். "உள்ள ஆள் இருந்தான்க்கா" என்றான். "யாரு?" என்றேன். "குரல் கேட்டுச்சு. கணேசன் குரல். எல்லாரும் ஓடினாங்க. நான் ஒரு நிமிசம் நின்னேன். அப்புறம் நானும் ஓடிட்டேன்" என்றான். டீக்கடைக்காரரும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் கதவை உடைத்துக் கணேசனை வெளியே இழுத்திருக்கிறார்கள். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரைக்கும் அவன் செத்துவிட்டான் என்றே சூசை உட்கார்ந்திருந்தான்.

நான் மறுநாள் தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றுப் பிள்ளையோடு போகாதே என்று எல்லோரும் தடுத்தார்கள். தீக்காய வார்டில் கணேசனை வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். வலது கை முழுக்கக் கட்டு, கழுத்து வரைக்கும் வெந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கொளுத்த வந்தவர்களில் யார் யார் இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. உள்ளேயிருந்து அவன் யாரையும் பார்க்கவில்லை. அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, சூசைக்கு டிக்கெட் வந்துடுச்சா? அவனைப் போகச் சொல்லுங்க. நான் கை சரியானதும் பின்னாடியே வர்றேன்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கட்சிக்காரர்கள் நாலு பேர் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார்கள். "பையன் அன்னைக்கு வீட்டை விட்டே போகலை. அக்காவுக்கு இடுப்பு வலி வந்துச்சு, தொணைக்கு இருந்தான். எல்லாரும் இதையே சொல்லுங்க. மத்ததைக் கட்சி பாத்துக்கும்" என்றார்கள். உன் தாத்தா தலையாட்டினார். சூசை கொல்லைப் பக்கம் கிணற்றடியில் இருந்தான். கணேசன் சொன்னதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் அழவில்லை. வாளியைக் கிணற்றுக்குள் விட்டான், இழுத்தான், தண்ணீரைக் கீழே கொட்டினான், மறுபடியும் விட்டான். அப்படியே செய்துகொண்டிருந்தான்.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். உன் தாத்தா சொல்ல வேண்டியதைச் சொன்னார். வக்கீலும் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏம்மா, உனக்குத்தான் வலின்னு சொல்றாங்க. உன் தம்பி வீட்டுல இருந்தானா?" என்று கேட்டார். நீ உள்ளே உதைத்தாய். "இல்லைங்க சார். அவன் அங்கதான் இருந்தான்" என்று சொன்னேன். உன் தாத்தா என்னை அடிக்கக் கை ஓங்கினார், இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார். சூசை உள்ளேயிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். "அக்கா சொல்றது நெசம் சார். போலாம்" என்றான். அவன் கண்ணை நான் பார்த்தேன். அதில் என் மேல் கோபம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி இருந்தான்.

உன் தாத்தா உன் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. சாகிறவரைக்கும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. கட்சி பார்த்துக்கொள்ளும் என்றவர்கள் இரண்டு வாய்தாவுக்கு வந்தார்கள், அப்புறம் வரவில்லை. சூசையின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா தானாகச் செத்தது. திருச்சி ஜெயிலில் இருந்து அவன் வெளியே வந்தபோது நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். பேச்சாளர் பெயர் கேஸில் எங்கேயும் இல்லை. அவர் என்ன செய்தார், பேசினார், அவ்வளவுதானே. நீ போனில் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவரும் சொல்லியிருப்பார்: நான் என்ன அடிக்கவா சொன்னேன்?

அந்தத் தீக்குப் பிறகு வந்த முதல் தேர்தலில் நம் கட்சியும் அந்தக் கட்சியும் கூட்டணி வைத்தன. அதே பஸ் நிறுத்தத்தில் ஒரே மேடை. அதே பேச்சாளர் வந்தார். கணேசன் கட்சியின் மாவட்டத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, "நாங்க அண்ணன் தம்பிங்க, நடுவுல யாரோ பிரிச்சு விட்டாங்க" என்று பேசினார். கூட்டம் அதற்கும் விசில் அடித்தது. கணேசனுடைய அப்பா, கடை எரிந்து போன இடத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு கட்சி வேட்டி கட்டுவதை விட்டவர்தான். சூசை அப்போது ஜெயிலில். கணேசன் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். தம்பி, மேடையில் இருந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. கீழே நின்றவர்களுக்கு இல்லை. இதை நீ புரிந்துகொண்டால் போதும், மற்ற எதையும் நான் எழுதியிருக்க வேண்டியதில்லை.

உனக்கு நல்ல குரல். ஆறாம் வகுப்பில் பங்குத் திருவிழாவில் நீ மூச்சு விடாமல் பேசிக் கோப்பை வாங்கியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவள் நான்தான். என்ன பேசுகிறாய் என்று அப்போது கேட்கவில்லை, எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாய் என்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த உன் மாமா கை தட்டவில்லை. பொறாமை என்று நான் நினைத்தேன்.

கல் எறிந்தது யார் என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். உன்னோடு படித்த பிலவேந்திரன். உன் பேச்சைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே திரிந்தானாம். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. போலீஸ் தேடுகிறது. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து நம் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "உங்க மகன் அங்க நல்லாத்தானே இருக்காரு டீச்சர்?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. போலீஸ் என்னிடமும் வரும். இது யாருடைய குரல் என்று கேட்டால் என் மகன் குரல் என்று சொல்லுவேன். கூடப் பிறந்தவனுக்காகச் சொல்லாத பொய்யைப் பெற்ற பிள்ளைக்காகவும் சொல்ல மாட்டேன்.

உன் மாமா விஷயம் ஒன்று இருக்கிறது. கணேசனும் அவனும் இத்தனை வருஷமாக ஒரே ஊரில் இருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் வருகிற வழியில் மற்றவர் போக மாட்டார்கள். மலருக்குத் தையல் போட்டுக் கூட்டி வந்த மறுநாள், வெல்டிங் பட்டறையைச் சாத்திவிட்டுச் சூசை நேரே கணேசன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றான். கணேசன் பெண்டாட்டி அவனைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் நகரவில்லை. நல்ல மழை. நான் குடையோடு ஓடினேன். அப்போதுதான் கணேசன் வெளியே வந்தான்.

"எதுக்கு வந்தே?"

"அன்னைக்கு ஓடிட்டேன்" என்றான் சூசை. "இன்னைக்கு நிக்கிறேன். எலெக்‌ஷன் முடியட்டும், போயிடறேன்."

கணேசன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பானோ என்று நினைத்தேன், அடித்தாலும் நியாயம்தான் என்றும் நினைத்தேன். திரும்பி உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மலர் நெற்றிக் கட்டோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் போட்டாள். சூசை அதில் உட்காரவில்லை. ஆனால் மழைக்கு ஒதுங்கித் தாழ்வாரத்துக்குள் நின்றான். தினமும் போகிறான். மலர் வெளியே கிளம்பினால் நாலு அடி தள்ளிப் பின்னால் நடக்கிறான். அந்த ஒரு பேச்சுக்கு மேல் அவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

மலர் நம் தெருவை மட்டும் இன்னும் முடிக்கவில்லை. நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தெருப் பையன்கள் தண்ணீர் டேங்க் பக்கத்தில் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர்கள் கையில் எல்லாம் போன் இருக்கிறது. உன் குரல் அதில் இன்னும் இருக்கிறது. நீ அழித்தாலும் அது அவர்களிடம் இருக்கும். அதனால் அழிப்பது போதாது. அதே குரூப்பில், அதே குரலில், நீ சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல், மலர் பெயரைச் சொல்லி, அவளை யாரும் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டும். உன்னைக் கோழை என்பார்கள். விலை போய்விட்டான் என்பார்கள். அங்கே ரூமில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொள்.

நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாளைக்கு அவள் வருவாள். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் அவளுக்கு முன்னால் நான் நடந்து போகப்போகிறேன். அவள் கட்சிக்கு நான் ஓட்டுப் போடுவேனா என்பது வேறு. உன் அப்பா ராத்திரிச் சாப்பாட்டின்போது, "செருப்பு போட்டுக்கிட்டுப் போ, தெரு முழுக்கச் சேறு" என்றார். அவரும் வருகிறார் என்று அர்த்தம். எறிகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் எறிய வேண்டும். அந்தப் பையன்கள் கல்லைக் கீழே போடுவதற்கு என் முகம் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. உன் குரல் போதும்.

அம்மா